கொடுத்து வைத்தவர் யார்?

பரபரப்பின்றி வாழ்பவன் ஒருவனைக் கண்டால், "அவன் கொடுத்து வைத்தவன்" என்கிறோம். ஆற அமர உண்கிறான். அந்தி மயங்கும் நேரத்தில் தன் தோட்டத்து மரத்தடியில் அமர்ந்திருக்கிறான். எதற்கும் ஓடுவதில்லை, எவருக்கும் அஞ்சுவதில்லை – கொடுத்து வைத்தவன்! இப்படிச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். பிறகு நம் வேலைக்கு ஓடுகிறோம்.

பழகிப்போன சொல். ஆகவே அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. கொடுத்தவர் யார்? எதைக் கொடுத்தார்? எங்கே வைத்தார்? முற்பிறவியில் அவன் கொடுத்தான், இப்பிறவியில் எடுத்துக்கொள்கிறான் என்பது பழைய விடை. அந்த விடையைக் கேட்டு வாய்மூடி நின்ற காலம் போதும். ஓய்வு, வானத்திலிருந்து வழங்கப்படும் பிரசாதம் அன்று. அதற்கு நிலம் வேண்டும், நேரம் வேண்டும், அந்த நேரத்தில் செய்யப்படாத வேலையைச் செய்து முடிக்க வேறு கைகள் வேண்டும். இவை யாவும் இந்த மண்ணில் உள்ளவை, கணக்கில் அடங்குபவை. எனவே, கணக்குப் பார்ப்போம்.

கணக்குப் பார்ப்பதற்கு ஏற்ற மனிதர் ஒருவர் இருக்கிறார். அமைதியாக வாழ்ந்தவர்கள் பலர். ஆனால் அந்த அமைதிக்கு ஆன செலவை அரைக்காசு விடாமல் எழுதி, அதை நூலாக்கி ஊரார் முன் வைத்தவர்கள் மிகச் சிலர். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு என்னும் சிற்றூரில் 1817-இல் பிறந்த ஹென்றி டேவிட் தோரோ அந்தச் சிலருள் ஒருவர்.

1845 ஜூலை 4-ஆம் நாள், ஊருக்கு அப்பால் வால்டன் என்னும் குளத்தின் அருகே தாமே கட்டிய குடிலில் அவர் குடியேறினார். குடிலின் அகலம் 10 அடி, நீளம் 15 அடி. கட்டுமானச் செலவு 28 டாலர், பன்னிரண்டரை சென்ட். 1847 செப்டம்பர் 6 வரை, இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் இரண்டு நாட்களும் அங்கே வாழ்ந்தார். குடிலருகே இரண்டரை ஏக்கர் நிலத்தைத் திருத்தி, பெரும்பகுதியில் அவரை விதைத்தார். அந்த அவரை வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 7 மைல் தொலைவு வரும் என்று அளந்து சொல்கிறார். முதல் ஆண்டுத் தோட்ட வரவு 23 டாலர், 44 சென்ட். செலவு 14 டாலர், எழுபத்திரண்டரை சென்ட். கையில் நின்றது 8 டாலர், எழுபத்தொன்றரை சென்ட். 1854-இல் வெளியான 'வால்டன்' என்ற நூலில் இந்தக் கணக்கு அத்தனையும் இருக்கிறது.

அந்தக் குடிலின் இலையுதிர் காலத்தை நாம் மனக்கண்ணால் கண்டாக வேண்டும். ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்த நமக்கு, அப்படி ஒரு பருவம் பழக்கமில்லை. நம் நாட்டில் ஐப்பசி, கார்த்திகை எனில் மழை. அங்கோ, செப்டம்பர் தொடக்கத்தில் குளக்கரை மேப்பிள் மரங்களில் ஒன்றிரண்டு சிவக்கத் தொடங்கும். அக்டோபரில் காடு முழுவதும் செம்மையும் பொன்மையும் பூணும். நவம்பரில் இலையெல்லாம் உதிர்ந்து கிளைகள் வெறுமையாகும். அறுவடை முடிந்துவிடும்; உறைபனி இன்னும் இறங்கியிராது. இடையில் உழவனுக்குச் சில வாரங்கள் வாய்க்கும். வேலை இல்லாத வாரங்கள் அல்ல அவை. விறகு அடுக்க வேண்டும். சுவரின் இடுக்குகளை அடைக்க வேண்டும். குளிர் மாதங்களுக்கு உணவு சேர்க்க வேண்டும். வேலை உண்டு, விரட்டுவார் இல்லை.

தோரோ அந்த வாரங்களை எப்படிக் கழித்தார்? ஆற்றோரப் புல்வெளிக்குச் சென்று காட்டுத் திராட்சை பறித்தார். செஸ்ட்நட் கொட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் நிரப்பினார். பழைய செங்கற்களை வாங்கி, ஒட்டியிருந்த காரையைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, தம் கையாலேயே புகைபோக்கி கட்டினார். குளிருக்கு அஞ்சிய குளவிகள் அக்டோபரில் அவருடைய குடிலுக்குள் ஆயிரக்கணக்கில் புகுந்து ஒண்டிக்கொண்டபோது, அவற்றை அடித்து விரட்டவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்தால் தம் செலவுக்குப் போதுமான பொருள் கிடைத்துவிடுகிறது. எஞ்சிய நாட்கள் படிப்பதற்கும் பார்ப்பதற்கும் எண்ணுவதற்கும் தமக்கே உரியவை என்று கணக்கிட்டுக் கூறினார்.

இந்த வாழ்க்கையை நாம் பழிக்கவில்லை. ஓய்வு வேறு, சோம்பல் வேறு. தன் பங்கு வேலையைப் பிறன் தலையில் கட்டிவிட்டுக் கிடப்பவன் சோம்பேறி. தன் பங்கைச் செய்து முடித்துவிட்டு, மிஞ்சிய நேரத்துக்குத் தானே தலைவனாக இருப்பவன் ஓய்வுடையவன். செங்கல்லைச் சுரண்டிப் புகைபோக்கி கட்டுகிறவனைச் சோம்பேறி என்று எவர் சொல்ல முடியும்? மேலும், பொருள் சேர்ப்பதற்கே வாழ்நாள் முழுவதையும் செலவிட்டு, சேர்த்ததைத் துய்க்க நாள் இல்லாமல் மாண்டுபோகும் செல்வரைப் பார்த்து, அந்தப் பொருளுக்கு நீ கொடுத்த விலை உன் உயிர்நாள் அல்லவா என்று அவர் கேட்ட கேள்வி கூர்மையானது. அது இன்றும் மழுங்கவில்லை.

ஆயினும், கணக்கு என்று வந்துவிட்டால், ஏட்டின் எல்லாப் பக்கங்களையும் புரட்டியாக வேண்டும். புரட்டுவோம்.

முதற்பக்கம், நிலம். தோரோ குடியிருந்த நிலம் அவருடையதன்று. அவருடைய நண்பரும் அந்நாளில் பெயர் பெற்ற சிந்தனையாளருமான எமர்சனுக்கு உரியது. நிலமுடைய நண்பன் ஒருவன் வாய்த்தான்; ஆகவே, நிலமற்றவர் நிலத்தில் நின்று அமைதியைக் காண முடிந்தது.

அடுத்த பக்கம், பலகை. குடிலுக்கான பலகைகளை ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் ஐரிஷ் தொழிலாளியிடம் வாங்கினார். இருப்புப்பாதை போடும் வேலைக்கு வந்து, அதன் ஓரத்திலேயே குடிசை கட்டியிருந்தவன் அவன். அந்தக் குடிசைக்கு விலை 4 டாலர், 25 சென்ட். மறுநாள் விடியற்காலை 5 மணிக்குள் குடும்பம் வெளியேறியாக வேண்டும். தோரோ வழியில் அவர்களைக் கண்டார். ஒரே ஒரு பெரிய மூட்டை. அந்தக் குடும்பத்தின் உடைமை அத்தனையும் அதற்குள்! வளர்த்த பூனை மட்டும் காட்டுக்குள் ஓடிவிட்டது. ஒருவருடைய இல்லம் எழுவதற்கு இன்னொருவருடைய இல்லம் பிரிக்கப்பட்டது. சூழ்ச்சி ஏதும் இல்லை. பேசிய விலை கொடுக்கப்பட்டது. இருந்தாலும், அந்த மூட்டை எங்கே போய் இறங்கியது என்று நூலில் செய்தி இல்லை.

மூன்றாவது பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. உணவு, உடை, எண்ணெய் என்று வரிசையாக எழுதி வருகிறவர், துணி துவைத்ததும் கிழிசல் தைத்ததும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நடந்த வேலைகள் என்றும், அவற்றுக்கான பில் இன்னும் வந்து சேரவில்லை என்றும் குறித்துவிட்டு மேலே செல்கிறார். அந்த பில் என்றைக்கு வந்தது? வரவே இல்லை! உலகத்தில் எந்த வீட்டிலும் அந்த பில் வருவதில்லை. தாய் எழுதுவதில்லை, தமக்கை எழுதுவதில்லை, மனைவி எழுதுவதில்லை. அரை சென்ட்டைக்கூட விடாத கணக்கில், விடுபட்டது அந்த ஒன்றுதான். ஆடவன் ஆற அமர இருந்த நாட்கள் எத்தனை எத்தனையோ இந்த எழுதப்படாத பில்லின்மேல் நடந்தேறின. இது தோரோ ஒருவரின் குற்றம் அன்று; கணக்கு எழுதியதால் அவர் அகப்பட்டுக்கொண்டார். எழுதாதவர்கள் தப்பிவிட்டார்கள்.

நான்காவது பக்கம், ஜான் பீல்டு. அவனும் ஓர் ஐரிஷ்காரன். மனைவியும் பல குழந்தைகளும் உடையவன். பக்கத்து உழவனுக்காகச் சதுப்பு நிலத்தை மண்வெட்டியால் புரட்டிக் கொடுக்கும் கடும் வேலை. ஏக்கருக்கு 10 டாலர் கூலி. ஓராண்டு அந்த நிலத்தைப் பயிரிட்டுக்கொள்ளும் உரிமை. மழைக்கு அவன் குடிசையில் ஒதுங்கிய தோரோ, அவனுக்கு அறிவுரை கூறினார்: தேநீரும் காபியும் வெண்ணெயும் பாலும் இறைச்சியும் வேண்டாம் என்று விட்டுவிட்டால், அவற்றுக்காக இப்படி உழைக்க வேண்டியதில்லை, உழைப்புக் குறைந்தால் பசியும் குறையும்!

இங்கேதான் நாம் அவரோடு மாறுபடுகிறோம். தேவையைக் குறைத்துக்கொள் என்பது நல்ல அறிவுரை. ஆனால், எவரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அதன் நன்மை. அளவுக்கு மீறி உண்பவனிடம் சொன்னால் மருந்து. அரைவயிறு உண்பவனிடம் சொன்னால் தண்டனை. தனிமனிதர் ஒருவர், கையில் பட்டமும் பக்கத்தில் நண்பரும் ஊரில் பெற்றோர் வீடும் உடையவர், விரும்பி மேற்கொண்ட எளிமை ஒன்று. குழந்தைக்குப் பால் வாங்குவதா, காலுக்குச் செருப்பு வாங்குவதா என்று தவிப்பவன்மேல் சுமத்தப்பட்ட வறுமை வேறொன்று. இரண்டிலும் தட்டு வெறுமையாகத்தான் இருக்கும். ஒருவர் நினைத்தால் நிரப்பிக்கொள்ளலாம், மற்றவரால் ஆகாது. எளிமைக்கும் ஏழ்மைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பீல்டுக்கு வேண்டியிருந்தது பத்தியம் அன்று; நியாயமான கூலியும் நிலைத்த நிலமும்.

இனி, குடிலை விட்டு வெளியே வருவோம். அதே காட்டில், தோரோவுக்கு முன்னே குடியிருந்தவர்கள் யார்? அவரே தேடி எழுதியிருக்கிறார். அது அவருடைய நேர்மை. அவரைத் தோட்டத்துக்குக் கிழக்கே, சாலைக்கு அப்பால் கேட்டோ என்னும் கறுப்பு மனிதன் இருந்தான். கான்கார்டுச் சீமான் ஒருவருக்கு அடிமையாக இருந்தவன். இன்னொரு மூலையில் சில்பா என்னும் கறுப்புப் பெண் தனியே நூல் நூற்றுப் பிழைத்தாள். 1812-ஆம் ஆண்டுப் போரின்போது, அவள் வெளியே சென்றிருந்த நேரத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் அவளது குடிசைக்குத் தீயிட்டார்கள். பூனையும் நாயும் கோழிகளும் எரிந்து மடிந்தன. குன்றின்மேல் பிரிஸ்டர் பிரீமன் என்பவன் வாழ்ந்தான். அவன் நட்ட ஆப்பிள் மரங்கள் தோரோவின் காலத்திலும் காய்த்தன.

மாசசூசெட்சில் 1780-களின் தொடக்கத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளால் அடிமைமுறை சரிந்தது. விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. நல்ல மண்ணுக்கெல்லாம் முன்னரே உடையவர்கள் இருந்தனர். எவரும் வேண்டாத மணற்பாங்கான காட்டு மூலைதான் அவர்களுக்கு மிஞ்சியது. கேட்டோ அந்த மண்ணில் வால்நட் மரங்களை வளர்த்தான். முதுமையில் உதவும், அதுவரை வளரட்டும் என்று வெட்டாமல் காத்தான். கை ஓய்ந்த காலத்தில் ஆற அமர இருந்து உண்ணலாம் என்று ஓர் ஏழை மனிதன் கண்ட கனவு அது. மரம் வளர்ந்தது. ஆனால், அவனைவிட இளையவனும் வெள்ளையனுமாகிய ஒரு வணிகன் முடிவில் அதைப் பறித்துக்கொண்டான். தோரோ சென்றபோது, கேட்டோவின் வீடு இருந்த இடத்தில் தூர்ந்துபோன ஒரு குழிதான் எஞ்சியிருந்தது.

ஒரே காடு. ஒருவர் அமைதியைத் தேடி அங்கே சென்றார். மற்றவர்கள் தள்ளப்பட்டுச் சென்றார்கள். தேடிச் சென்றவருடைய பெயர் உலகெங்கும் நிலைத்தது; தள்ளப்பட்டவர்களுடைய மரம்கூட அவர்களுக்கு நிலைக்கவில்லை. இவர்களுள் கொடுத்தவர் யார்? வைத்துக்கொண்டவர் யார்?

காட்டையும் கடந்து செல்வோம். கான்கார்டு ஊரின் பெயரையே தாங்கிய ஆறு வடக்கு நோக்கி ஓடி, லோவெல் என்னும் நகரில் மெரிமாக் ஆற்றோடு கலக்கிறது. லோவெல், அந்நாளில் அமெரிக்காவின் பெரும் பஞ்சாலை நகரம். நாட்டுப்புறத்துச் சிறு பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள் அந்த ஆலைகளில் நாளொன்றுக்குப் 12 மணி நேரத்துக்கும் மேல் நின்று உழைத்தார்கள். அவர்களுக்கும் இலையுதிர் காலம் உண்டு. மேப்பிள் சிவப்பதைக் கொண்டு அவர்கள் அதை அறியவில்லை. ஆலையில் விளக்கு ஏற்றப்படுவதைக் கொண்டு அறிந்தார்கள். செப்டம்பர் பிற்பகுதியில் பகல் குறுகும். வேலை நேரம் குறுகாது. ஆகவே விளக்குகள் வரும். மார்ச் வரை அந்தப் புகையில்தான் வேலை.

தோரோ குடிலுக்குப் போன அதே 1845-இல், அந்தப் பெண்கள் 2,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மாநிலச் சட்டமன்றத்துக்கு முறையிட்டார்கள். வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறையுங்கள். படிக்கவும் எண்ணவும் உடல் தேறவும் நேரம் வேண்டும் என்றார்கள். சாரா பேக்லி முதலியோர் பிப்ரவரியில் சட்டமன்றக் குழுவின் முன் சான்று கூறினார்கள். தான் வேலை செய்யும் கூடத்தில் ஏறத்தாழ 150 பேருக்கு நடுவே 293 சிறு விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரிகின்றன என்று ஒரு பெண் எண்ணிச் சொன்னாள். அவளும் கணக்கு வைத்திருந்தாள்! குழு கேட்டது, குறை உண்டு என்று ஒப்பியது, ஆனால், சட்டம் தலையிட வேண்டியதில்லை என்று கைவிரித்துவிட்டது.

குளக்கரையில் ஒருவர் பெற்றதும், ஆலையில் ஆயிரம் பேர் கேட்டதும் ஒன்றே – நேரம். தோரோ அதைப் பெறுவதற்கு ஊரை விட்டு விலகினால் போதுமாக இருந்தது. வேலையை விட்டு விலகினால் பட்டினி என்ற நிலையில் இருந்தவர்கள் சட்டத்தைத் தட்ட வேண்டியிருந்தது.

அந்த ஆலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? தெற்கிலிருந்து, அடிமைகளின் கைகளிலிருந்து. தெற்கில் ஆகஸ்ட் இறுதி முதல் பருத்தி எடுக்கும் காலம். நாளொன்றுக்கு 200 பவுண்டு பருத்தி ஒருவர் எடுக்க வேண்டிய அளவு, மாலையில் தராசு, எடை குறைந்தால் சவுக்கு. நியூயார்க் மாநிலத்தில் உரிமைக் குடிமகனாகப் பிறந்து, 1841-இல் கடத்திச் செல்லப்பட்டு, 1853 வரை லூசியானாவில் அடிமையாக உழன்று மீண்ட சாலமன் நார்த்தப் தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். 1845-இல் அந்தப் பகுதியின் பருத்தியைப் புழு தின்றுவிட்டது. எடுக்கப் பருத்தி இல்லை. ஆகவே, அடிமைக்காவது ஓய்வு கிடைத்ததா? இல்லை! செப்டம்பரில் அடிமைகளைக் கூட்டமாகக் கடற்கரைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஓட்டிச் சென்று வாடகைக்கு விட்டார்கள். கரும்பாலை ஆடும் மாதங்களில் ஞாயிறு என்றும் திங்கள் என்றும் வேறுபாடு இல்லை. வாடகை உடையவனுக்கு.

1845-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் ஒன்றே. ஒருவர் குளவிகளுக்கும் இடம் கொடுத்துப் புகைபோக்கி கட்டினார். ஒருத்தி விளக்குகளை எண்ணினாள். ஒருவர் கரும்பு வெட்டினார். ஒரே வானத்தின் கீழ், ஒரே கொடியின் கீழ் இந்த மூன்றும் நடந்தன.

இந்த நாட்டுக்கும் அந்தக் குளத்துக்கும்கூடத் தொடர்பு உண்டு. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் குளங்களின் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் விற்றார். அதைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய கட்டடம் இன்றும் நிற்கிறது. விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறிவிட்டாலும், மக்கள் வாயில் அந்தப் பகுதி இன்னும் 'ஐஸ் ஹவுஸ்'தான். 1846–47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளர்கள் மேற்பார்வையாளர்களோடு வால்டன் குளத்தில் இறங்கிப் பனிக்கட்டி அறுத்தார்கள். தோரோ சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையும் பம்பாயும் கல்கத்தாவும் தம் கிணற்று நீரை அருந்தப்போகின்றன என்று எண்ணி மகிழ்ந்தார். அங்கே வெட்டிக் குவித்ததில் பெரும்பகுதி கப்பலேறாமலே உருகிக் குளத்துக்குத் திரும்பியது என்பது வேறு செய்தி. கப்பலேறி வந்த பனிக்கட்டியோ, சென்னையில் துரைமார் கிண்ணத்தில் குளிர்ந்தது. குளிரில் நின்று அறுத்தவனும் அதைக் குடிக்கவில்லை. வெயிலில் நின்று மூட்டை சுமந்தவனும் அதைக் குடிக்கவில்லை.

அப்படியானால் தோரோ போலி மனிதரா? அல்லர். அவ்வாறு சொல்வது எளிது; எளிதானதால் பலர் சொல்லியும் விட்டார்கள். அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு வரி கொடுக்க மாட்டேன் என்று மறுத்து, 1846 ஜூலையில், குடிலில் வாழ்ந்த நாளிலேயே சிறை சென்றவர் அவர். ஓர் இரவுதான் என்றாலும், யாரோ வரியைக் கட்டியதால்தான் அது ஓர் இரவாக முடிந்தது. பின்னர், 1851-இல், தப்பி வந்த அடிமை ஒருவன் கான்கார்டில் அவருடைய வீட்டை அடைந்தான். அவனைக் கனடாவுக்கு அனுப்பச் சீட்டு வாங்கப் புகைவண்டி நிலையம் சென்றார் தோரோ. அங்கே பாஸ்டன் போலீஸ்காரன் போன்ற ஒருவன் நிற்பதைக் கண்டு திரும்பிவிட்டார். பிறகு வேறு வேளையில் வண்டியேற்றி அனுப்பினார். நாட்குறிப்பில் அந்தச் செய்தி பதிவான தேதி அக்டோபர் 1. அதுவும் ஓர் இலையுதிர்கால நாள்!

அந்த நாளை நாம் மறக்கலாகாது. ஓய்வு எதற்கு என்ற கேள்விக்கு அந்த நாள் விடை சொல்கிறது. ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டவனாக இருந்திருந்தால், நிலையத்துக்கு இருமுறை போக அவருக்கு நேரம் ஏது? பிறனுடைய துன்பத்தைக் கேட்க நேரம் வேண்டும். அதைப் போக்க நேரம் வேண்டும். சட்டம் தவறு என்று உணர்வதற்கே எண்ணிப் பார்க்கும் நேரம் வேண்டும். மக்களை மூச்சுவிட முடியாதபடி ஓட வைப்பவர்கள் அதனால்தான் ஓட வைக்கிறார்கள். ஓடுகிறவன் கேள்வி கேட்பதில்லை.

ஆகவே நாம் சொல்வது இது. ஆற அமர வாழ்வது நன்று, மிக நன்று. ஆனால், அதைத் தனிமனிதனின் ஒழுக்கமாக மட்டும் போற்றினால், அது அவனோடு தொடங்கி அவனோடு முடிந்துவிடும். மற்றவர்கள் பரபரப்பது அவர்களுடைய பேராசையால் என்ற பொய்யும் கூடவே வளரும். ஓய்வு முதலில் உரிமை, பிறகுதான் ஒழுக்கம். அதைப் பெறும் வழி, தேவையைக் குறைத்துக்கொள்ளும் துறவு மட்டும் அன்று. நிலத்தையும் நேரத்தையும் பகிரும் நீதி.

எல்லோரும் ஆற அமர இருந்தால் உலகம் இயங்குமா என்று கேட்பார் உண்டு. லோவெல் ஆலை முதலாளிகளும் அதைத்தான் கேட்டார்கள். 1874-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்ததால் ஆறு ஓடுவதை நிறுத்தவில்லை, தறியும் நிற்கவில்லை. ஆனால், கையெழுத்திட்ட நாளுக்கும் சட்டம் வந்த நாளுக்கும் இடையே 29 ஆண்டுகள்! கேட்டவர்களில் பலருக்கு அந்த இலையுதிர் காலங்கள் திரும்பி வரவில்லை.

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. தோரோ 1862 மே 6-இல் மறைந்தார். இரண்டே வாரம் கழித்து, மே 20-இல், குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். சிறு பண்ணை வாழ்வு பல இலட்சம் குடும்பங்களுக்குக் கைகூடியது. அந்த நிலத்தில் வழிவழியாக வாழ்ந்த பழங்குடிகளோ விரட்டப்பட்டார்கள். 1865 ஜனவரியில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குத் தென்கடற்கரையில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கும் ஆணை பிறந்தது. ஏறத்தாழ 40,000 பேர் குடியமர்ந்து பயிரிட்டார்கள். அதே ஆண்டில், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய எசமானர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அதை மக்களிடம் அறிவிக்கும் பொறுப்பு தளபதி ஹோவார்டின் தலையில் விழுந்தது. எடிஸ்டோ என்னும் தீவில், தேவாலயத்தில் கூடியிருந்த மக்களிடம் அவர் அதைச் சொன்னார். அது அக்டோபர் மாதம்; தம் சொந்த நிலம் என்று நம்பி விதைத்ததை அவர்கள் முதன்முறையாக அறுவடை செய்த இலையுதிர் காலம். கேட்டோவின் வால்நட் மரத்துக்கு நேர்ந்தது, ஓர் இனத்துக்கே நேர்ந்தது.

இனி ஆற அமர வாழ்பவர் எவரைக் கண்டாலும் – நாமே அப்படி ஒரு நாள் அமர்ந்திருந்தாலும் – மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்த மரநிழல் எவருடைய நிலத்தில் விழுகிறது? இந்த நேரத்தில் செய்யப்பட வேண்டிய வேலையை எந்தக் கை செய்துகொண்டிருக்கிறது? அந்தக் கைக்கு உரிய பில் வந்து சேர்ந்ததா?

விடை நேராக இருந்தால், நன்றாக அமர்வோம். எவரும் நம்மை எழுப்ப வேண்டியதில்லை. விடை கோணலாக இருந்தால், எழுவோம். அமைதியைக் குலைப்பதற்காக அன்று. அமைதியில் இடம் கிடைக்காதவர்களுக்கும் இடம் உண்டாக்குவதற்காக.

கொடுத்து வைத்தவன் என்று ஒருவனைச் சுட்டும்போது, கொடுத்தவர்களின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லப் பழகுவோம். மூட்டை சுமந்து சென்ற காலின்ஸ், சதுப்பைப் புரட்டிய பீல்டு, துணி துவைத்த கைகள், விளக்கை எண்ணிய பெண், கரும்பு வெட்டிய நார்த்தப், மரத்தை வளர்த்த கேட்டோ – கொடுத்தவர்கள் இவர்கள். இவர்கள் விரும்பிக் கொடுக்கவில்லை, இவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தருமம் என்று பெயர் இல்லை. கடன் தீர்ப்பது என்று பெயர்.